உருக்கைத் தேடி ஒரு பெங்களூர்ப் பயணம்

அரபு மதரஸாவில் இலக்கியப் பாடம் நடத்துபவன் நான். பழைய அரபுக் கவிதைகளில் வாளைக் குறிக்கும் சொற்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்று ‘முஹன்னத்’. ‘ஹிந்த்’ என்னும் நம் நாட்டின் பெயரிலிருந்து பிறந்த சொல் அது. இந்திய உருக்கால் ஆன வாள் என்பது அதன் பொருள். அச்சொல் வரும் இடங்களிலெல்லாம் ‘இந்திய வாள்’ என்று பொருள் சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுவது என் வழக்கம். அரபு நாட்டில் கொல்லர்கள் இல்லையா, இரும்பு இல்லையா, கடல் கடந்து வந்த உருக்கை அவர்கள் ஏன் அத்தனை உயர்வாகப் பாடினார்கள் என்று எந்த மாணவனும் கேட்டதில்லை. வரலாற்றில் பட்டம் பெற்றவனாகிய நானும் என்னையே கேட்டுக்கொண்டதில்லை.

கேட்டவன் என் மருமகன், லாத்தாவின் மூத்த மகன்.

சேலம் அரசுப் பொறியியல் கல்லூரியில் உலோகவியல் படித்தவன் அவன். அந்தப் படிப்பில் அவன் சேர்ந்த நாளில் எங்கள் குடும்பத்தில் எழுந்த பேச்சு இன்னும் என் காதில் இருக்கிறது. “கம்ப்யூட்டர் கிடைக்கவில்லையா? கொல்லன் பட்டறைப் படிப்பா?” என்று கேட்காதவர் இல்லை. அவனோ அதைப் பொருட்படுத்தாமல் நான்கு ஆண்டுகளும் விரும்பிப் படித்துத் தேறினான்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. மச்சான் சவூதியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக உழைக்கிறார். அவர் தெரிந்தவர்களிடம் சொல்லி, அங்கே குழாய் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மகனுக்கு வேலை பேசி வைத்திருந்தார். பதினைந்து நாட்களுக்குள் சம்மதம் சொன்னால் விசா வந்துவிடும். அதே வாரத்தில் பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்திலிருந்து ஆராய்ச்சிப் படிப்புக்கான நேர்காணலுக்கு அவனுக்கு அழைப்பு வந்தது. தேறினால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. 2023ஆம் ஆண்டு முதல் தொடக்க நிலை ஆய்வு மாணவர்களுக்கு அரசு வழங்கும் தொகை இது. ஆனால் படித்து முடிக்க ஐந்தாண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். இரண்டு தங்கைகள் திருமண வயதை நெருங்கிக்கொண்டிருக்கும் வீடு அது.

“நீ கூடப் போய்விட்டு வா. போகும்போதும் வரும்போதும் அவனுக்குப் புத்தி சொல்லு. ஓத்துப்பள்ளியில் எத்தனை பிள்ளைகளைத் திருத்துகிறாய்!” என்றார் லாத்தா. அவனைத் தடுப்பதற்காகவே நான் அனுப்பப்பட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரவுப் பேருந்தில் ஏறினோம். விழுப்புரம் தாண்டியதும் நான் என் கடமையைத் தொடங்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவன், “மாமா, நீங்கள் பாடம் நடத்தும் முஹன்னத் எப்படிச் செய்யப்பட்டது என்று தெரியுமா?” என்று கேட்டான். தெரியாது என்றேன். ஓசூர் எல்லையில் விடியும் வரை அவன் சொன்னான், நான் கேட்டேன்.

நம் மண்ணின் மூசை

அவன் சொன்னதன் சாரத்தை இங்கே தருகிறேன். நெல் உமி கலந்து பிசைந்த களிமண்ணால் சிறு மூசைகள் செய்வார்கள். அவற்றினுள் இரும்புத் துண்டுகளையும், உலர்ந்த ஆவாரங்கட்டையையும் இட்டு, மேலே எருக்கிலை போன்ற பச்சிலைகளை வைத்து, மண்ணால் வாயை அடைத்துவிடுவார்கள். அத்தகைய மூசைகளை உலையில் அடுக்கித் துருத்தியால் ஊதுவார்கள். கட்டையும் இலையும் கரியாகி, அந்தக் கரி இரும்போடு கலக்கும். உலை ஆறியபின் மூசையை உடைத்தால், உள்ளங்கையில் அடங்கும் அளவுக்கு ஓர் உருக்குக் கட்டி கிடைக்கும்.

உருகுவதால் அது உருக்கு. கன்னடத்தில் அதுவே ‘உக்கு’. அச்சொல்லே ஐரோப்பியர் நாவில் ‘வூட்ஸ்’ என்று திரிந்தது என்பர். ஆங்கிலேயர் இதன் மாதிரிகளை 1794இல் பம்பாயிலிருந்து லண்டனுக்கு அனுப்பினர். மறு ஆண்டே ராயல் சொசைட்டியில் அதைப்பற்றிக் கட்டுரை படிக்கப்பட்டது. மின்சார ஆய்வால் உலகப் புகழ் பெற்ற மைக்கேல் ஃபாரடே, அதற்கு முன் 1819 முதல் சில ஆண்டுகள் இந்த இந்திய உருக்கின் மருமத்தை அறியவே உலையருகே நின்றார். கொல்லர் மகனாகப் பிறந்தவர் அவர் என்பதையும் மருமகன் சொல்லத் தவறவில்லை.

நான் அறிந்த பெயர்களும் இக்கதையில் வந்தபோது எனக்கு வியப்பு மேலிட்டது. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் அப்பாஸியக் கலீஃபா முஃதஸிமுக்காகத் தத்துவ அறிஞர் அல்-கிந்தி வாள்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் இரும்பின் வகைகளையும், ஸரந்தீப் முதலிய இடங்களின் உருக்கையும் பிரித்துக் காட்டுகிறார். அவருக்குப் பின் வந்த அல்-பீரூனி, மணிகளையும் உலோகங்களையும் பற்றிய தம் நூலில் இரும்புக்குத் தனி இடம் தந்தார். அல்-கிந்தியைத் தத்துவ ஞானியாகவும் அல்-பீரூனியை வரலாற்றாசிரியராகவும் மட்டுமே படித்தவன் நான். அவர்கள் உலைக்களத்திலும் நின்றிருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொன்னான். எங்கள் ஊருக்கு அருகிலுள்ள பரங்கிப்பேட்டையில் 1830 வாக்கில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் பெரிய இரும்பாலை ஒன்றை நிறுவினார். சேலம் பகுதிக் கனிமத்தை மரக்கரியால் உருக்கிய ஆலை அது. கரிக்கு வேண்டிய மரம் கிடைப்பது அரிதாகி, நட்டத்தில் தள்ளாடி, அந்த நூற்றாண்டிலேயே அது மறைந்தது. ஹீத் இங்கிலாந்து திரும்பி, உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு நகரின் உருக்குத் தொழில் அதனால் பெரும் பயன் கண்டது. பரங்கிப்பேட்டைக்குப் பலமுறை போய் வந்தவன் நான். கப்பல்களையும் வணிகர்களையும் பற்றி அங்கே கேட்டிருக்கிறேன். இரும்பைப் பற்றிக் கேட்டதே இல்லை.

டாடாவின் கனவு

பெங்களூரில் இறங்கி ஆட்டோக்காரரிடம் ‘இந்திய அறிவியல் கழகம்’ என்று ஆங்கிலத்தில் சொன்னபோது அவர் ஒரு கணம் விழித்தார். “டாடா இன்ஸ்டிடியூட்டா?” என்று கேட்டுக்கொண்டே வண்டியை எடுத்தார். நூறாண்டுக்கு மேலாகியும் அந்த ஊர் மக்கள் அதை அப்படித்தான் அழைக்கிறார்கள்.

அழைப்பதில் நியாயமும் இருக்கிறது. பாரசீக வழிவந்த பார்சி வணிகரான ஜம்ஷெட்ஜி டாடா, இந்தியாவுக்கென உயராய்வுக் கூடம் ஒன்று வேண்டும் என்று எண்ணித் தம் செல்வத்தில் பெரும் பங்கை அதற்கென ஒதுக்கினார். ஆனால் அது எழுந்ததை அவர் பார்க்கவில்லை, 1904இல் காலமாகிவிட்டார். மைசூர் அரசு 1907இல் 371 ஏக்கர் நிலம் வழங்கியது. 1909ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் நாள் அரசாணை பிறந்தது. 1911இல் முதல் மாணவர்கள் சேர்ந்தார்கள். இரும்புக்கும் டாடாவுக்கும் உள்ள தொடர்பு நாம் அறிந்ததே. அவர் தொடங்க விரும்பிய இரும்பாலையும் அவருக்குப் பின் 1907இல்தான் நிறுவனமாகி, 1912இல் முதல் உருக்கை வார்த்தது. ஒரு மனிதரின் இரண்டு கனவுகளும் அவர் மறைந்தபின் பலித்தன.

வாயிலைக் கடந்ததும் நகரத்தின் இரைச்சல் பின்தங்கிவிடுகிறது. இருமருங்கும் வானளாவிய மரங்கள், அவற்றின் நிழலில் சைக்கிளில் செல்லும் மாணவ மாணவியர். சாம்பல் நிறக் கல்லால் ஆன முதன்மைக் கட்டடம் கோபுரத்தோடு நிற்கிறது. அதன் முன்னே ஜம்ஷெட்ஜியின் சிலை. நம் திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் 1933இல் இக்கழகத்தின் முதல் இந்திய இயக்குநராகப் பொறுப்பேற்றார்.

1945இல் பிறந்த துறை

நாங்கள் தேடி வந்தது பொருட்பொறியியல் துறை. அதன் பழைய பெயர் உலோகவியல் துறை. இந்தியாவில் உலோகவியலைப் பட்டப் படிப்பாகக் கற்பிப்பது 1923இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. பெங்களூரில் இத்துறை 1945இல் தோன்றியது. அக்காலத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டாம் உலகப்போர் முடியும் நேரம். கப்பல் வரத்து தடைப்பட்ட போர்க்காலம், விமானத்துக்கும் எந்திரத்துக்கும் வேண்டிய உலோகத்துக்காக வெளிநாட்டை நம்பியிருப்பது எத்தனை ஆபத்து என்பதை நாட்டுக்கு உணர்த்தியிருந்தது. இயக்குநராயிருந்த சர் ஜே.சி. கோஷ் பொறியியல் துறைகளை ஒவ்வொன்றாகத் தொடங்கினார். 1942இல் விமானவியல் வந்தது. அதன்பின் உலோகவியல் வந்தது.

1951இல் இத்துறைக்கு ஓர் இந்தியர் முதன்முதலாகத் தலைவரானார். அவர் பெயர் டாக்டர் பிரம் பிரகாஷ். 1912இல் லாகூரில் பிறந்தவர், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆய்வு செய்து திரும்பியவர். 1957 வரை இங்கே தலைமை வகித்துவிட்டு, ஹோமி பாபாவின் அணுசக்தித் துறையில் உலோகவியல் பணியை வளர்க்கப் பம்பாய் சென்றார். ஹைதராபாத்தில் அணு எரிபொருள் தொழிற்சாலை அமையக் காரணமானவர்களுள் அவர் முதன்மையானவர். 1972இல் திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் முதல் இயக்குநரானார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் இவரைச் சந்திப்போம்.

1958இல் இந்தக் கழகம் பல்கலைக்கழகத்துக்கு நிகரான தகுதி பெற்றது. அதே காலத்தில் உலக அளவில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. உலோகத்தைப் படிப்பவர், பிளாஸ்டிக்கைப் படிப்பவர், பீங்கானைப் படிப்பவர் என்று தனித்தனியாக இருந்தவர்கள், பொருள் எதுவாயினும் அதன் உள்ளமைப்பும் குணமும் ஒரே வகை விதிகளுக்கு உட்பட்டவையே என்பதை உணர்ந்தனர். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 1950களில் ‘பொருளறிவியல்’ என்ற பெயரில் முதல் துறையை அமைத்தது. பெங்களூரிலும் இம்மாற்றம் படிப்படியாக வந்தது. 1976இல் பேராசிரியர் சி.என்.ஆர். ராவ் திண்மநிலை வேதியியலுக்குத் தனிப்பிரிவு தொடங்கினார். உலோகவியல் துறையில் கலப்புப் பொருள்களும் மின்னணுப் பொருள்களும் ஆய்வுக்கு வந்தன. இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் துறையின் பெயரும் மாறியது. 2011 முதல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவர்களுக்கு நான்காண்டு அறிவியல் பட்டமும் இங்கே உண்டு. அதில் பொருளறிவியலைச் சிறப்புப் பாடமாக எடுக்கலாம்.

மெருகிட்ட முகம்

மருமகன் நேர்காணலுக்குச் சென்றுவிட்டான். மரத்தடியில் அமர்ந்திருந்த என்னைக் கண்டு, தமிழ் முகம் என்று தெரிந்து பேச்சுக் கொடுத்தார் ஓர் ஆய்வு மாணவர். தஞ்சைப் பக்கத்துப் பிள்ளை. “வாருங்கள் ஐயா, சும்மா இருப்பானேன்?” என்று அழைத்துச் சென்று நுண்ணோக்கி ஒன்றின் முன் உட்கார வைத்தார்.

ஓர் எஃகுத் துண்டை அறுத்து, உப்புத்தாள்களால் ஒன்றன்பின் ஒன்றாகத் தேய்த்து, கண்ணாடிபோல மெருகேற்றி, ஆல்கஹால் கலந்த நைட்ரிக் அமிலத்தில் சில விநாடிகள் நனைத்து எடுத்தார். வெறுங்கண்ணுக்கு மங்கிய வட்டம்தான் தெரிந்தது. நுண்ணோக்கியில் பார்த்தேன். வயல்வெளியை உயரத்திலிருந்து பார்ப்பதுபோல, வரப்புகளால் பிரிக்கப்பட்ட பாத்திகள்! சில வெளிறியவை, சிலவற்றுள் விரல்ரேகைபோலக் கரிய கோடுகள்.

“ஒவ்வொரு பாத்தியும் ஒரு படிகம் ஐயா. உள்ளே அணுக்கள் ஸஃப்பு கட்டி நிற்பதுபோல வரிசையாக நிற்கும்” என்றார். என் தொப்பியையும் தாடியையும் பார்த்துத் தேர்ந்தெடுத்த உவமை என்று புரிந்து சிரித்தேன். “சூடேற்றினால் வரிசை மாறும். சட்டென்று நீரில் முக்கினால், இடையில் சிக்கிய கரி வெளியேற நேரமில்லாமல் அப்படியே நின்றுவிடும். அந்த இறுக்கம்தான் கத்தியின் கடினம். மெல்ல ஆறவிட்டால் அதே இரும்பு மென்மையாகிவிடும்.”

பொருள் ஒன்றே, அது நடத்தப்படும் விதத்தால் குணம் வேறாகிறது. நம் கொல்லர்கள் இதைக் கையால் அறிந்திருந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்ததைக் கண்ணால் காண்பதற்கு 1860களில் ஷெஃபீல்டில் ஹென்றி சார்பி என்பவர் எஃகை மெருகிட்டு நுண்ணோக்கியில் வைக்கும் வரை உலகம் காத்திருந்தது.

முஹன்னத்தைப் பற்றி அந்த மாணவரிடமே கேட்டேன். நம் மூசை உருக்கில் கரியின் அளவு நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை இருக்கும் என்றும், அது சாதாரண எஃகில் இருப்பதைவிட மிக அதிகம் என்றும் சொன்னார். டமாஸ்கஸ் வாள்களின் மேல் நீரலைபோலத் தெரியும் கோலம், அந்தக் கரி இரும்போடு சேர்ந்து அடுக்கடுக்காக நிற்பதால் வருவது. 2006இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆய்வாளர்கள் பழைய டமாஸ்கஸ் வாள் ஒன்றின் துணுக்கை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, கரியாலான நுண்குழாய்கள்கூட அதில் தென்பட்டன. இத்துறையில் பணியாற்றிய பேராசிரியர் எஸ். ரங்கநாதனும், இதே வளாகத்திலுள்ள உயராய்வு நிறுவனத்தைச் சேர்ந்த சாரதா சீனிவாசனும் இந்த உருக்கின் வரலாற்றை 2004இல் நூலாக்கினர். தென்னார்க்காட்டு மேல்சிறுவலூரில் பழைய மூசைத் துண்டுகளைக் கண்டறிந்து ஆராய்ந்தவர் சாரதா சீனிவாசன். எங்கள் பழைய மாவட்டத்துக்கு எத்தனை பெருமை!

ஐந்து மூலை ஓடு

மாணவர் மேலும் ஒரு செய்தி சொன்னார். நம் வாசகர்களுக்கு இது மிகவும் இனிக்கும் என்பதால் விரித்து எழுதுகிறேன்.

தரையில் ஓடு பதிக்கும்போது முக்கோணம், சதுரம், அறுகோணம் ஆகியவற்றால் இடைவெளியின்றி நிரப்பலாம். பக்கமும் கோணமும் சமமான ஐங்கோண ஓடுகளால் முடியாது, சந்து விழும். படிகத்துக்குள் அணுக்கள் அமைவதும் இவ்விதிப்படியே என்று அறிவுலகம் நம்பியிருந்தது. 1982இல் டான் ஷெக்ட்மேன் என்ற விஞ்ஞானி, விரைந்து குளிர்வித்த அலுமினிய மாங்கனீசுக் கலவையில் பத்து மடங்குச் சமச்சீர் காட்டும் புள்ளிக் கோலத்தைக் கண்டார். அவரை எள்ளி நகையாடினர். 1984இல்தான் அது கட்டுரையாக வெளிவந்தது. மறு ஆண்டே பெங்களூர்த் துறையைச் சேர்ந்த கமானியோ சட்டோபாத்யாயா, ரங்கநாதன் முதலியோர், இதே இனத்தில் பதின்கோண வகை ஒன்றைக் கண்டு அறிவித்தனர். நகையாடப்பட்ட ஷெக்ட்மேன் 2011இல் நோபல் பரிசு பெற்றார்.

இதற்கிடையே 2007இல் அமெரிக்க ஆய்வாளர்களான பீட்டர் லூவும் பால் ஸ்டைன்ஹார்ட்டும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இஸ்ஃபஹான் நகரிலுள்ள தர்பே இமாம் கட்டடத்தில் 1453இல் பதிக்கப்பட்ட ஓட்டுக் கோலம், இந்த விந்தைப் படிகங்களின் அமைப்பை ஏறத்தாழ ஒத்திருக்கிறது என்பதே அது. பதின்கோணம், ஐங்கோணம் முதலிய ஐந்து வகை ஓட்டு வடிவங்களைக் கொண்டே அக்காலக் கைவினைஞர்கள் இத்தகைய கோலங்களை அமைத்தார்கள் என்று அவர்கள் காட்டினார்கள்.

ஓடு பதித்த அந்தக் கைவினைஞருக்கு அணுவும் தெரியாது, அலுமினியமும் தெரியாது. இன்றைய அறிவியலை அன்றே கண்டுவிட்டோம் என்று மார் தட்டுவது நேர்மையாகாது. ஆயினும், கையும் கண்ணும் கணக்கும் ஒன்றிய ஒரு சமூகம் எவ்வளவு தொலைவு போக முடியும் என்பதற்கு அந்தச் சுவர் சாட்சி. பள்ளிவாசல்களிலும் தர்காக்களிலும் இத்தகைய கோலங்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். ‘அழகு’ என்று சொல்லி நகர்ந்திருக்கிறேனே தவிர, நின்று எண்ணிப் பார்த்ததில்லை.

படுக்கையருகே ஒருவர்

லுஹர் தொழுகைக்குப் பின் மருமகன் வந்து சேர்ந்தான். முகம் வாடியிருந்தது. இரண்டு கேள்விகளுக்குச் சரியாக விடை சொல்லவில்லையாம். “கிடைக்காது மாமா” என்றான். புத்தி சொல்ல இதுவே தக்க தருணம். என் வாயில் சொல் எழவில்லை.

உணவகத்தில் சாப்பிடும்போது அவனே பேசினான். “பிரம் பிரகாஷ் கதை தெரியுமா மாமா?” என்று தொடங்கினான். டாக்டர் அப்துல் கலாம் தம் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் எழுதியிருப்பது அது. 1979 ஆகஸ்ட் 10ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி. 3 ராக்கெட் முதன்முதலாகக் கிளம்பியது. திட்ட இயக்குநர் நம் ராமேசுவரத்துக் கலாம். இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் அமிலம் கசிந்துபோனதால், சில நிமிடங்களில் ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. பல நாள் உறக்கமின்மையும் தோல்வியின் பாரமும் சேர, கலாம் அறைக்குப் போய்ப் படுத்துவிட்டார். மாலை சாயும் வேளையில் கண் விழித்தபோது, படுக்கையருகே பிரம் பிரகாஷ் அமர்ந்திருந்தார். தோல்வியைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. சாப்பிடப் போகலாமா என்றுதான் கேட்டார். அதுவரை அவரும் சாப்பிடாமல் காத்திருந்தார். 1980 ஜூலை 18இல் அதே வகை ராக்கெட் ரோகிணியை விண்ணில் ஏற்றியது.

இந்த வளாகத்தில் உலோகவியல் துறையை நடத்தியவர்தான் அந்தப் பிரம் பிரகாஷ்.

கலாமின் வாழ்வில் பொருளறிவியல் செய்த இன்னொரு பணியும் உண்டு. ஏவுகணைக்காக உருவாக்கிய எடை குறைந்த கலப்புப் பொருளை ஹைதராபாத் மருத்துவர் ஒருவர் கையில் தூக்கிப் பார்த்து, கால் ஊனமுற்ற பிள்ளைகள் 3 கிலோ எடையுள்ள உலோகக் கவசத்தை இழுத்து நடப்பதைக் கலாமுக்குக் காட்டினார். கலாமும் அவர் குழுவினரும் அதை 300 கிராமாகக் குறைத்தனர். அப்பிள்ளைகள் ஓடியதைக் கண்டு பெற்றோர் அழுததைக் கலாம் தம் உரைகளில் திரும்பத் திரும்பச் சொல்வார். ‘கொல்லன் பட்டறைப் படிப்பு’ என்று நாம் இகழ்ந்தது இதைத்தான்.

மாலையில் ஊர் திரும்பும் முன் திப்பு சுல்தானின் கோடைக்கால மாளிகையைப் பார்த்தோம். தேக்குத் தூண்களின் நடுவே நின்றபோது அவன் சொன்னான்: “திப்புவின் ராக்கெட் தொலைதூரம் பாய்ந்ததன் காரணமும் பொருள்தான் மாமா. மற்றவர்கள் காகித அட்டையிலும் மூங்கிலிலும் மருந்தை அடைத்தார்கள். மைசூர்க் கைவினைஞர்கள் இரும்புக் குழாயில் அடைத்தார்கள். இரும்பு அதிக அழுத்தத்தைத் தாங்கும்.” 2018இல் ஷிமோகா மாவட்டத்துக் கிணறு ஒன்றிலிருந்து அக்காலத்து ராக்கெட்டுகள் ஆயிரத்துக்கு மேல் கிடைத்த செய்தியைப் படித்தது என் நினைவுக்கு வந்தது.

லாத்தாவின் முடிவு

ஊர் வந்ததும் லாத்தா என்னைத் தனியே அழைத்தார். “சொன்னாயா?” என்றார்.

“சொல்லவில்லை” என்றேன்.

கோபித்துக்கொண்டார். கோபிக்க அவருக்கு உரிமை உண்டு. இருபத்திரண்டு ஆண்டுகளில் கணவரோடு அவர் வாழ்ந்த மாதங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மகன் போனால் கணவர் திரும்பலாம் என்பது அவர் மனக்கணக்கு. அதை என்னால் மறுக்க முடியவில்லை. முஹன்னத்தும் இஸ்ஃபஹானும் அந்தக் கணக்குக்கு விடையாகா. எனவே அவற்றைச் சொல்லவில்லை. அங்கே என்ன பார்த்தாய் என்று அவரே கேட்டபோது, சாப்பிடாமல் காத்திருந்த அந்தப் பேராசிரியரைப் பற்றி மட்டும் சொன்னேன்.

நீண்ட நேரம் பேசாதிருந்தார். பிறகு, “தோற்றுப்போனாலும் சோறு தின்றாயா என்று கேட்கிற ஆள் இருந்த இடமா? அங்கேயே போகட்டும்” என்றார்.

அன்றிரவு மச்சானிடம் தொலைபேசியில் பேசினார்கள். விசா வேண்டாம் என்று முடிவாயிற்று. “இன்னும் இரண்டு வருடம் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றாராம் மச்சான். அந்த இரண்டு வருடங்களின் விலை என்னவென்று வெளிநாட்டில் உழைப்போர் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். நேர்காணலின் முடிவு இதை எழுதும் வரை வரவில்லை. கிடைக்காமற் போனால் அடுத்த ஆண்டும் எழுதுவேன் என்கிறான் மருமகன். இறைவன் நாடியபடி நடக்கட்டும்.

வாசகப் பெருமக்களே! உங்கள் வீட்டுப் பிள்ளை எவரும் அறியாத ஒரு படிப்பின் பெயரைச் சொன்னால், சிரிக்கும் முன் அது என்னவென்று அவனிடமோ அவளிடமோ கேளுங்கள். இயன்றால் அந்தத் துறைக்கு ஒருமுறை கூடவே போய் வாருங்கள். பேருந்துக் கட்டணமும் ஒரு பகலும்தான் செலவு.

சென்ற வாரம் வகுப்பில் ‘முஹன்னத்’ என்ற சொல் வந்தது. அடுத்த அடிக்குப் போகவில்லை. மூசை, உமி, ஆவாரங்கட்டை, எருக்கிலை என்று கரும்பலகையில் எழுதினேன். பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, “ஹஜ்ரத், எருக்கிலை எதற்கு?” என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. மருமகனுக்குக் கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறேன்.